மூடிய மைக்கில் பேசியது

மைக்கை மூடிய பிறகும் ஆண்கள் பேசிக்கொண்டேயிருக்கிற பேச்சு எங்கே போகிறது என்று மற்ற ஊர்க்காரர்கள் யோசித்தார்களோ இல்லையோ, எங்கள் சங்குமேட்டில் அது தையல்நாயகி வீட்டுச் சமையலறையில் நிற்கும் நீல டிரம்முக்குள் வந்து விழுந்தது. பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் முதன்முதலாக விழுந்தது. அன்றைக்கு வலைக்கண்ணின் அளவைப் பற்றி ஆன்லைன் ஊர்க்கூட்டத்தில் சண்டை மூண்டு நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்த, தலைவர் சபாபதி "எல்லாத்தையும் மூடு தங்கச்சி" என்று சொல்ல, தையல்நாயகி நாற்பது மைக்கையும் ஒரே தட்டில் மூடிவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் மொள்ளப் போனாள். மொண்ட செம்பைப் பாத்திரத்தில் சாய்த்ததும் பஹ்ரைனில் இருக்கும் இளங்கோவன் குரல் அதிலிருந்து விழுந்து, இந்த ஊருக்கு நான் உழைத்தது போதும், என் பொண்டாட்டி கையால் ஒரு மீன் குழம்பு கிடைத்தால் போதும் என்று சொல்லி முடித்தது. தையல்நாயகி பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாமல் ஓரமாக வைத்தாள். பிறகு இளங்கோவன் மனைவிக்கு ஆள் அனுப்பி, உன் வீட்டுக்காரர் பேச்சு எங்கள் டிரம்மில் கிடக்கிறது, மீதியை வந்து எடுத்துக்கொண்டு போ என்று சொன்னாள்.

இதைச் சொல்கிற நாங்கள் சங்குமேட்டுப் பெண்கள். குடத்தோடு போய் அந்த டிரம்மில் மொண்டவர்கள். எங்கள் ஊரில் நூற்று முப்பத்தெட்டுத் தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணமாகி ஊர்ப் பட்டியலில் பேர் ஏறிய ஆண். ஊர்க்கூட்டத்தில் பேச வாய் உள்ளவன் அவன் ஒருவன்தான். பெண்ணுக்குக் கூட்டம் நடக்கிற மண்டபத்துப் படியில் உட்காரக்கூட இடம் கிடையாது. எந்தத் தீர்ப்பானாலும் ஒவ்வொரு தலைக்கட்டும் தன் வாயால் "சம்மதம்" என்று சொல்ல வேண்டும், ஒருத்தன் சொல்லாவிட்டாலும் தீர்ப்பு செல்லாமல் விழுந்துவிடும் என்பது ஊர்ச் சட்டம். ஆண்களெல்லாம் கரையிலேயே இருந்த காலத்தில் இந்தச் சட்டத்தால் தொந்தரவு இருக்கவில்லை. இப்போது பாதிப் பேர் பஹ்ரைனிலும் ஓமானிலும் அடுத்தவன் படகில் வலை இழுக்கிறார்கள், கால்வாசிப் பேர் கேரளத் துறைமுகங்களில் கிடக்கிறார்கள், மிச்சம் இருக்கிறவர்களை வைத்துக்கொண்டு சாமி புறப்பாட்டுக்குத் தேதி வைக்கக்கூட ஆளில்லை. பெருந்தொற்று வந்து எல்லாரும் வீட்டோடு முடங்கியபோது ஆன்லைனில் கூட்டம் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்போது, பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தையல்நாயகியைத் தவிர அதை நடத்தத் தெரிந்த ஆள் ஊரில் இல்லை.

சபாபதி அவளைக் கூப்பிட்டு, கூட்டத்தை நீ திற, நான் பேர் சொன்னால் அவன் மைக்கைத் திற, போதும் என்றால் மூடு, ஆனால் உன் மைக் எந்நாளும் மூடியிருக்க வேண்டும் என்றார். அவளும் சரி என்றாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, வளைகுடாவில் விடுமுறை நாள் என்பதால், லேப்டாப்பைச் சமையலறை மேடைமேல் வைத்துக்கொண்டு உட்காருவாள், அங்கேதான் சிக்னல் நிற்கும். ஒருத்தன் அறையில் குக்கர் விசிலடிக்கும், ஒருத்தன் பின்னால் கிரேன் அலறும், ஒருத்தன் மைக் திறந்திருப்பது தெரியாமல் மூக்கைச் சிந்துவான். எல்லாவற்றையும் அவள் விரல் கவனித்துக்கொண்டது. நாலு வருஷத்தில் யார் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவான், யார் செருமிவிட்டுப் பேசாமலே இருந்துவிடுவான் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் குரல் எப்படி இருக்கும் என்பதுதான் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

டிரம் பேச ஆரம்பித்ததும் நாங்கள் பயந்துவிடவில்லை. எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, ஐந்து நாளைக்கொரு முறை லாரி கொண்டுவருகிற தண்ணீரில் பேச்சு கலந்திருக்கிறதென்றால் அந்தப் பேச்சை இறக்கிவிட்டுத்தான் உலை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவரவர் குடத்தைப் போட்டு மொண்டால் அவரவர் வீட்டுச் சொல்தான் வரும். சாய்த்தால் ஒரு தடவை பேசும், பிறகு வெறும் தண்ணீர். சனிக்கிழமை பொண்டாட்டிகள், ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கள் என்று நாங்களே முறை வைத்துக்கொண்டோம். அடுத்தவள் குடத்தைச் சாய்க்கக் கூடாது என்றும் பேசிக்கொண்டோம், அதைக் கூட்டம் போடாமலே பேசி முடித்தோம்.

விஷயம் தெரிந்ததும் ஆண்கள் இரண்டு வாரம் வெட்கப்பட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரம் ஆரம்பித்தார்கள். போனில் பேசினால் பிள்ளை பிடுங்கும், மாமியார் பக்கத்தில் நிற்பாள், என்ன சாப்பிட்டாய் என்பதற்குமேல் பேச்சு போகாது. மூடிய மைக்கில் அப்படியில்லை. பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணி ஒரு நாளும் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்காத மனுஷன் டிரம் வழியாகக் கேட்டான். ஒருத்தன் ஒரு குடம் முழுக்க அழுதிருந்தான், அவன் மனைவி அதை வீட்டில் சாய்க்க மனசில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கே போனாள். தலைவர் ஒருத்தன் மைக்கைத் திறக்கச் சொன்னால் அவன், வேண்டாம் தங்கச்சி, மூடியே வை என்று கையெடுத்துக் கும்பிடுகிற காலம் வந்தது. சபாபதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டம் போட்டது ஊர் விஷயம் பேசவா, உங்கள் குடும்பம் நடத்தவா என்று கேட்டுவிட்டு, டிரம்மில் விழுந்த பேச்சு சபையில் செல்லாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். நூற்று முப்பத்தெட்டுப் பேரும் சம்மதம் சொன்னார்கள், தங்கள் அழுகை சபைக்கு வராது என்ற நிம்மதியில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்கள்.

கார்த்திகையில் குழந்தைவேலின் ஃபைபர் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. எங்கள் கரையில் ஒரு வயர்லெஸ் கொட்டகை உண்டு. நாளுக்கு ஒரு வீடு முறை, அன்றைய முறைக்காரன் பொழுது முழுக்க அங்கே உட்கார்ந்து, காற்று எச்சரிக்கை வந்தால் கடலில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு முறை தையல்நாயகி புருஷன் வைத்திலிங்கத்துக்கு. மற்ற படகெல்லாம் மதியமே திரும்பிவிட, குழந்தைவேலும் அவன் தம்பி சந்திரகாசனும் மட்டும் உள்ளே இருந்தார்கள். நாலு மணிக்கு எச்சரிக்கை வந்தது. ஐந்து மணிக்குப் படகு புரண்டது. குழந்தைவேல் நீந்தி ஏறினான், சந்திரகாசனை மூன்றாம் நாள் வடக்கே எடுத்தார்கள். நான் மூன்று தடவை கூப்பிட்டேன், இவன் வரவில்லை என்றான் வைத்திலிங்கம். வயர்லெஸ்ஸில் ஒரு சத்தமும் வரவில்லை என்றான் குழந்தைவேல். மீன் ஆசையில் எச்சரிக்கையைக் காதில் வாங்காமல் இருந்து தம்பியைக் கொன்றுவிட்டான் என்று ஊர் நம்பியது, நாங்களும்தான் நம்பினோம். வைத்திலிங்கம் விசா முன்னமே வந்திருந்தபடியால் பதினைந்தாம் நாள் பஹ்ரைன் போய்விட்டான்.

குழந்தைவேலை மண்டபத்துக்குள் விடவில்லை. தன் வீட்டு வாசலில் போனை வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தான். பேச விட்டால் கத்தினான், கத்தினால் சபாபதி போதும் என்றார், போதும் என்றால் தையல்நாயகி மூடினாள். இரண்டு கூட்டத்தில் ஐந்து தடவை மூடினாள். மறுநாள் அவன் மனைவி பூங்காவனம் குடத்தோடு வந்தாள். வீடுவரைக்கும் தூக்கிப் போகப் பொறுமையில்லாமல் தையல்நாயகி வீட்டுக் கொல்லையிலேயே சாய்த்தாள். அதில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "சந்திரா, கயித்த விடாதடா, சந்திரா, கயித்த விடாதடா" என்பது மட்டும்தான் குடம் காலியாகும் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. தையல்நாயகி கதவைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

அன்று மத்தியானமே தன் குடத்தையும் போட்டு மொண்டாள். வழக்கமாக வைத்திலிங்கம் வெயிலைப் பற்றியும் கேம்ப் சோற்றைப் பற்றியும்தான் பேசியிருப்பான். சாய்த்தாள்.

"தையலு, ஒன்கிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்கி வயர்லெஸ்ல நான் கூப்புடவேயில்ல. நான் அங்க இல்ல."

அவள் குடத்தை நிமிர்த்திவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு நாலு மணிக்குத் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது, அவள் போனைப் போட்டு, ஒத்தை ஆளாகத் தூக்க முடியவில்லை, ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்று சொன்னாள், அவன் வந்து டிரம்மை விளிம்புவரைக்கும் நிரப்பினான், தேநீர் போட்டுத் தருகிறேன் என்று அவள்தான் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாள். எல்லா வீட்டிலும் லாரி வந்தால் அதுதான் நடக்கும். முறைக்காரனும் ஓடிவருவான், யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

பாதிப் பேச்சு குடத்தில் இன்னும் இருந்தது. சாய்த்தால் அவள் காதோடு போய்விடும், பிறகு உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு தட்டைப் போட்டு மூடி அலமாரியில் வைத்தாள். அதில் என்ன என்று கேட்டோம், உங்கள் குடத்தைப் பாருங்கள் என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வைத்திலிங்கம் போனில் தண்ணீர் எடுத்தாயா என்று கேட்டான், எடுத்தேன் என்றாள். முழுசாக ஊற்றிவிட்டாயா என்று கேட்டான். கேட்கவில்லை, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தீர்ப்பு. குடங்களோடு நாங்கள் எல்லாரும் தையல்நாயகி வீட்டுக் கொல்லைக் கதவோரம் நெருக்கிக்கொண்டு நின்றோம், தண்ணீர் எடுக்க வந்தோம் என்பது ஒரு சாக்குதான். பூங்காவனமும் வந்திருந்தாள். அவளை யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சபாபதி தீர்ப்பைப் படித்தார். குழந்தைவேல் இனிக் கடலில் இறங்கக் கூடாது, அவன் வீட்டோடு யாரும் பேசக் கூடாது, நெருப்பு, தண்ணீர் கொடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக் கூடாது. குற்றவாளி பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதால் மற்ற நூற்று முப்பத்தேழு பேரும் சம்மதம் சொன்னால் முடிந்தது.

முதல் பேரைச் சொன்னார். தையல்நாயகி திறந்தாள். சம்மதம். மூடினாள். இரண்டாம் பேர். சம்மதம். மஸ்கட்டிலிருந்து ஒருத்தன், கொச்சியிலிருந்து ஒருத்தன், மண்டபத்திலிருந்து வரிசையாகப் பத்துப் பேர். பூங்காவனம் இடுப்பில் வெறுங்குடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சம்மதத்துக்கும் கண்ணை மூடித் திறந்தாள். நாற்பது பேர் முடிந்து நாற்பத்தோராவது பேர் வந்தது.

"வைத்திலிங்கம். திற தங்கச்சி."

பஹ்ரைன் அறையில் பனியனோடு கட்டில்மேல் உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம் போனை முகத்துக்கு நேராகத் தூக்கினான். தையல்நாயகி அவன் மைக்கைத் திறக்கவில்லை. அவள் விரல் திரையில் கொஞ்ச நேரம் அலைந்தது, பிறகு நாலு வருஷமாகத் தொடாத இடத்தைத் தொட்டுத் தன் மைக்கைத் திறந்தாள்.

"நான் தையல்நாயகி பேசறேன்" என்றாள். குரல் கரகரத்தது. "என் வீட்டுக்காரரு பேச்சு கொஞ்சம் எங்கிட்ட இருக்கு. அத ஊரு கேட்டுட்டு அப்பறம் சம்மதம் சொல்லுங்க."

மண்டபத்தில் ஆண்கள் எழுந்துவிட்டார்கள். மூடு என்றார் சபாபதி. மறுபடி மூடு என்றார். யாராவது அந்தப் பொம்பளை மைக்கை மூடுங்களேன் என்று ஒருத்தர் கத்த, எல்லாரும் அவரவர் போனைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். கூட்டத்தைத் திறந்தவளின் மைக்கை இன்னொருத்தர் மூட முடியாது என்பது எங்கள் ஊர் ஆண்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அலமாரியிலிருந்து குடத்தை எடுத்து, தட்டை நீக்கி, லேப்டாப்புக்குப் பக்கத்தில் எவர்சில்வர் அன்னக்கூடையை வைத்துச் சாய்த்தாள்.

"தண்ணி லாரி வந்துச்சுன்னு நீ கூப்ட்ட, வந்துட்டேன். திரும்பிப் போறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. உண்மையச் சொன்னா நீ கூப்ட்டதாலதான்னு ஊரு ஒன்னத்தான் புடிச்சிக்கும். அதனாலதான் மூணு தடவ கூப்ட்டேன்னு சொன்னேன். எனக்கும் பயமா இருந்துச்சு தையலு. இத ஊத்திடு. இத்தோட மறந்துடுவோம்."

கடைசிச் சொட்டு வரைக்கும் விழுந்து, அன்னக்கூடையில் தண்ணீர் அமைதியானது. பூங்காவனம் இடுப்பிலிருந்த குடம் நழுவித் தரையில் உருண்டது, யாரும் அதை எடுக்கக் குனியவில்லை. எங்களுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது, லாரி ஹாரன் கேட்டு எங்கள் முறைக்காரனையும் நாங்கள் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறோம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம்.

சபாபதி கனைத்துக்கொண்டார். டிரம்மில் விழுந்த பேச்சு சபையில் செல்லாது, நாம் எல்லாரும் சம்மதம் சொல்லிப் போட்ட சட்டம் என்று சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். தையல்நாயகி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வைத்திலிங்கத்தின் மைக்கைத் திறந்தாள். அவன் கட்டம் பச்சையாக மினுங்கியது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு ஃபேன் சுற்றுகிற சத்தம் அந்தச் சமையலறையில் கேட்டது. அது என் பேச்சில்லை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீர்ப்பு குழந்தைவேல்மேல் இறங்கிவிடும், தையல்நாயகி பொய்க்காரியாகிவிடுவாள். அவன் திரையில் யாரைப் பார்த்தான் என்று தெரியவில்லை. நெற்றியைத் துடைத்தான். பேசுகிறாயா இல்லையா என்று தலைவர் கேட்டார். தையல்நாயகி கண்ணை எடுக்காமல் அவன் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் விரல் மைக்கை மூடுகிற இடத்துக்குப் போகவேயில்லை.

"அது என் பேச்சுதான்" என்றான் வைத்திலிங்கம். "அன்னிக்கி நான் அங்க இல்ல."

அதற்குப் பிறகு மண்டபத்தில் எழுந்த சத்தத்தைச் சொல்லி மாளாது. சத்தம் அடங்கியதும் சபாபதி, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி, குழந்தைவேலின் பேரை எடுத்துவிட்டு அதே தீர்ப்பில் வைத்திலிங்கத்தின் பேரைப் போட்டார். பேச்சு கிடையாது, நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, அந்த வீட்டுக்காரனுக்கும் கிடையாது, வீட்டுக்காரிக்கும் கிடையாது. அவன் பஹ்ரைனில் இருக்கிறான், ஊர் பேசாவிட்டால் அவனுக்கு என்ன. தீர்ப்பு முழுக்க இவள்மேல்தான் இறங்கப்போகிறது என்பது எங்களுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. குழந்தைவேலின் பேர் பட்டியலில் திரும்ப ஏறியது, கடைசிப் பேராக ஏறியது. முதலிலிருந்து சம்மதம் கேட்க வேண்டும். கேட்பதென்றால் மைக்கைத் திறக்க வேண்டும், திறக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. சபாபதி முதல் பேரைச் சொல்லிவிட்டு, திற என்று சொல்ல வாய் வராமல் நின்றார்.

அவள் திறந்தாள். சம்மதம். மூடினாள். அடுத்ததைத் திறந்தாள். தன்னை ஊரைவிட்டுத் தள்ளுகிற சொல்லை, ஒவ்வொருத்தன் மைக்காகத் திறந்து, அவன் செருமி முடிக்கும் வரைக்கும் காத்திருந்து, சொல்ல வைத்து மூடினாள். முதலில் சொன்னவர்கள் சத்தமாகச் சொன்னார்கள், போகப் போகக் குரல் தாழ்ந்தது, இளங்கோவன் சொன்னது எங்கள் காதில்கூட விழவில்லை, தலைவர் மறுபடி கேட்டு வாங்கினார். ஆனால் சொன்னார்கள். எங்கள் புருஷன்மார்களும் சொன்னார்கள், வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம், நாங்களும் அவள் முதுகுக்குப் பின்னால் குடங்களோடு வாயில்லாமல் நின்றோம். வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியது. நூற்று முப்பத்தாறு சம்மதம் ஆயிற்று.

"குழந்தைவேலு" என்றார் சபாபதி.

தையல்நாயகி திறந்தாள். அவன் வீட்டு வாசலில் காற்று அடிக்கிற சத்தம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. சம்மதமா என்று தலைவர் கேட்டார். மறுபடி கேட்டார். பூங்காவனம் எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து திரைக்கு நேராக நின்றாள்.

"தலைவரே, வயர்லெஸ்ல யாரும் பேசாமப் போனதாலதான் என் தம்பி செத்தான்" என்றான் குழந்தைவேல்.

"அதுக்குத்தாம்ப்பா தீர்ப்பு. சம்மதமா, இல்லியா?"

"சம்மதமில்ல."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது, குழந்தைவேல் அதற்குமேல் பேசினான்.

"பாவம் பாத்துச் சொல்லல. எனக்கு அவுங்க ரெண்டு பேரையும் திட்டணும். தெனம் கூப்ட்டுத் திட்டணும், என் தம்பி எப்டிச் செத்தான்னு தெனமும் சொல்லணும், அவுங்க அதுக்குப் பதில் சொல்லணும். ஊரே பேசக்கூடாதுன்னு நீங்க மூடிட்டா, நான் யார்கிட்டப் போயிக் கேக்கறது?"

தீர்ப்பு விழுந்துபோயிற்று. போதும் என்று சபாபதி சொல்லவில்லை. குழந்தைவேல் அங்கேயே ஆரம்பித்துவிட்டான், வைத்தியண்ணே என்று கூப்பிட்டு, அன்று மதியம் சந்திரகாசன் என்ன சோறு தின்றான் என்பதிலிருந்து தொடங்கி, கெட்ட வார்த்தையும் அழுகையுமாகச் சொல்லிக்கொண்டு போனான். பஹ்ரைனில் வைத்திலிங்கம் கட்டிலைவிட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்து, சொல்லுப்பா, சொல்லுப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தான். தையல்நாயகி அந்த இரண்டு பேர் மைக்கையும் தன் மைக்கையும் திறந்தே வைத்துக்கொண்டு, தன் முறை வரும் வரைக்கும் காத்திருந்தாள்.